பாதி சுரண்டிய கம்பி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களையும் ஆசிரியர் என்கிறோம், பள்ளிக்கூடத்தில் இருப்பவரையும் ஆசிரியர் என்கிறோம். இந்தக் கடிதத்தில் இனி வரும் ஆசிரியர்கள் எல்லாரும் சாக்பீஸ் பிடிப்பவர்கள். நடுவில் எங்காவது கொஞ்சம் சூடாக எழுதியிருந்தால் உங்கள் மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கவனமே இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது, எதைச் சொன்னாலும் ஏறுவதில்லை என்று ஒரு கட்டுரை வந்தது. மறுநாளே மூன்று பேர் ஆமாம் போட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள். என்னால் ஆமாம் போட முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்புசெட் மோட்டார், சப்மெர்சிபிள், மிக்ஸி, சீலிங் ஃபேன் என்று எது எரிந்து வந்தாலும் காயில் (கம்பிச் சுருள்) கட்டித் தருவது தொழில். படிப்பு பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. கல்வியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரு பெண் பிள்ளைக்கு அப்பா என்பது ஒன்று, அவள் ஒன்பதாவதையும் பத்தாவதையும் ஒரே அரசுப் பள்ளியில், ஒரே கட்டடத்தில், ஏறக்குறைய அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் என்பது இன்னொன்று. அந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே செல்போன்தான். அதே கீறல் விழுந்த ஸ்கிரீன், அதே ரீசார்ஜ். மாறியது சயின்ஸ் எடுத்தவர் மட்டும்.

ஒன்பதாவதில் காந்தமும் மின்சாரமும் சேர்ந்து வரும் பாடம் ஒன்று இருக்கிறது. ஃபிளெமிங் இடக்கை விதி, மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதில்தான். ஒருநாள் சாயங்காலம் மகள் நேரே கடைக்கு வந்து, "அப்பா, எனாமல் கம்பி வேணும், துண்டு துண்டா இருந்தாலும் பரவால்ல, நாப்பது பேருக்கு வேணும், மிஸ் கேட்டாங்க" என்றாள். எங்கள் கடையில் அதற்கா பஞ்சம்? எனாமல் என்பது கம்பி மேல் இருக்கும், கரண்ட் கடக்காத பூச்சு. 22 கேஜ் தடிமனில் துண்டுகளாகப் பொறுக்கி ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தேன். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் நாலைந்தும் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். "மோட்டார் செய்யப் போறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் செய்கிற வேலை.

மறுநாள் வகுப்பில் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். ஆனால் சொன்ன விதத்தில் நானே அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி ஆகிவிட்டது. பேட்டரி செல்லின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊக்கை ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி, செல்லின் மேல் காந்தத்தை வைத்து, கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் எனாமலைப் பிளேடால் சுரண்டி, ஊக்கின் ஓட்டைகளில் மாட்டியிருக்கிறார்கள். சுற்ற வேண்டும். சுற்றவில்லை. குளிர்காய்ச்சல் வந்த மாதிரி இப்படியும் அப்படியும் நடுங்கிவிட்டு நின்றுவிட்டது. ஒரு பெஞ்ச் இல்லை, எல்லா பெஞ்சிலும் அதே கதை. அந்த மிஸ் என்ன செய்தார் தெரியுமா? "ஏன்டா நிக்குது? எனக்கே தெரியலையே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

இந்த இடத்தை மகள் என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். மிஸ்ஸுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குப் பெரிய செய்தி. தெரியவில்லை என்றதும் முகம் சுருங்காமல் மலர்ந்தது அதைவிடப் பெரிய செய்தி.

மணி அடித்துவிட்டது. அன்று ராத்திரி அந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பேட்டரியும் ஊக்குமாகத்தான் இருந்திருப்பார்கள், எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடந்தது. மறுநாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன், வெள்ளிக்கிழமை என்றால் சந்தைக்குப் போய்விடுகிற பையனாம், அவனுடைய காயில் மட்டும் விர்ரென்று சுற்றியிருக்கிறது. மிஸ் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். அவன் பயந்துபோய், "மிஸ், பிளேடு மொட்டை மிஸ், ஒரு பக்கம் சரியாச் சுரண்டல" என்று மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொல்லியிருக்கிறான். அதுதான் விஷயமே! மற்ற எல்லாரும் ஒழுங்காக முழுசாகச் சுரண்டியிருந்தார்கள், யாருக்கும் சுற்றவில்லை. இவன் அரைகுறையாகச் சுரண்டினான், சுற்றியது. ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு மிஸ் பதிலைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பதில் தெரிந்த வாசகர்கள் மன்னிக்க வேண்டும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு முனையையும் முழுசாகச் சுரண்டினால் கரண்ட் எப்போதும் ஓடும். காயில் அரைச் சுற்று திரும்பியதும் காந்தம் அதை எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பிக்கும். முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு, அதனால்தான் நடுக்கம். ஒரு முனையில் கம்பியின் சுற்றளவில் ஒரு பக்கப் பாதியை மட்டும் சுரண்டினால், எதிர்ப்பக்கம் தள்ள வேண்டிய அந்த அரைச் சுற்றில் எனாமல் குறுக்கே வந்து கரண்டை வெட்டிவிடும். காயில் தன் வேகத்திலேயே மிச்சச் சுற்றைக் கடந்து மறுபடி தள்ளுக்கு வந்து சேரும். மகள் என்னிடம் வந்து கேட்டபோது நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. ரிப்பேருக்கு வந்திருந்த மிக்ஸி மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரின் நுனியில் வரிவரியாக இருக்கும் கம்யூட்டேட்டரையும், அதில் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ்ஷையும் காட்டினேன். அரை நிமிஷம் பார்த்தாள். "அப்ப இந்த பிரஷ் செய்யற வேலையத்தான் அவனோட மொட்டை பிளேடு செஞ்சுதா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான், மிக்ஸியில் கரண்ட்டை வெட்டுவதோடு நிற்காமல் திசையையே திருப்பிவிடும். இருபத்தைந்து வருஷமாக கார்பன் மாற்றுகிறேன். ஒரு வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை.

அந்த வருஷம் முழுக்க அவள் கடைக்கு வந்தபடியே இருந்தாள். இவளுக்குக் கவனம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் கோபப்படுவேனா மாட்டேனா?

சரி, பத்தாவது.

பத்தாவதில் வேறொரு சார். அடுத்தவர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறேன், அதனால் பள்ளி பெயர், ஊர் பெயர் எதுவும் வேண்டாம். பாடத்தில் கோடு போடச் சொல்வார், கோடு போட்டதைப் படித்து வரச் சொல்வார், ஒரு மார்க் கேள்வியைத் தினமும் பத்து கேட்பார். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் மூன்று தடவை ஓடின. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்பது உங்களுக்குத் தெரியும். செய்முறையில் இயற்பியலுக்கு உள்ள சோதனைகளில் ஒன்று கம்பியின் மின்தடை எண் கண்டுபிடிப்பது. என் தொழிலுக்கு அதைவிட நெருக்கமான சோதனை வேறு இல்லை. வோல்ட்மீட்டர் வேலை செய்யவில்லையாம். சார் ரீடிங்கைப் போர்டில் எழுதிப் போட்டார், எல்லாரும் அதையே எழுதிக்கொண்டார்கள், எல்லாருக்கும் ஒரே விடை. விட்டம் அளக்கும் ஸ்க்ரூ கேஜைக் கையில் கொடுக்கவே இல்லை.

என் மேஜை டிராயரில் மைக்ரோமீட்டர், அதே ஸ்க்ரூ கேஜ்தான், எப்போதும் கிடக்கும், எரிந்த கம்பி எந்த கேஜ் என்று பார்க்காமல் புதுக் கம்பி வாங்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு 22 கேஜ் கம்பியைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். எனாமலோடு அளந்தபோது கொஞ்சம் கூட வந்தது. தீக்குச்சியில் காட்டி, சுரண்டித் துடைத்துவிட்டு அளந்தபோது 0.71 மில்லிமீட்டர். போன வருஷமாக இருந்தால் "அந்த எனாமல் எவ்வளவு தடிமன்?" என்று அவளே கேட்டிருப்பாள். இந்தத் தடவை, "இது எக்ஸாமுக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் ஒருநாள் கேட்டேன், "ஏன் கண்ணு, இப்பெல்லாம் டவுட்டே கேக்கறதில்லையே, எல்லாம் புரிஞ்சுதா?" "இல்லப்பா. டவுட் வர்ற மாதிரி எதுவும் நடக்கறதில்ல."

தேர்வு முடிவு வந்தது. அறிவியலில் 91. செய்முறையில் 25-க்கு 25. ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்தோம், பள்ளி வாசலில் பேனர் வைத்தார்கள், அதில் அவள் பெயரும் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் ஒன்பதாவது மிஸ்ஸைவிட இந்த சார்தான் வெற்றி பெற்றவர். ஆனால் பதினொன்றில் எந்த குரூப் என்று கேட்டபோது யோசிக்காமல் காமர்ஸ் என்றாள். காமர்ஸ் மட்டமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் தம்பி ஆடிட்டர் ஆபீஸில்தான் இருக்கிறான். ராத்திரி சாப்பிடாமல் ஊக்கில் காயிலை மாட்டிக்கொண்டிருந்தவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 91 மார்க்கில் அந்த விவரம் எங்கே இருக்கிறது?

இவ்வளவும் படித்தால் அந்த சாரை வில்லன் ஆக்கிவிட்டேன் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற சாக்கில் நேரே அவரிடமே போய் நின்றேன். வோல்ட்மீட்டர் இல்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஒரு மல்டிமீட்டர் கொடுத்திருக்க மாட்டேனா என்று ஆரம்பித்தேன். அவர் சண்டை போடவில்லை. பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் தகர டப்பாவில் செய்த ஒரு குட்டி நீராவி என்ஜின், கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த பெரிஸ்கோப், சைக்கிள் டைனமோ பொருத்திய ஒரு கைராட்டை. எல்லாம் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தக் காசில் செய்தவை. மேலே தூசி ஒரு விரல் கனம். "சார், பத்தாவது மூணு செக்ஷனும் எனக்குத்தான். காலைல எட்டரைக்கு மெல்லக் கற்போர் வகுப்பு, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். நடுவுல எமிஸ்ல ஏத்தச் சொல்லி மெசேஜ் வந்துட்டே இருக்கும். ரிவியூ மீட்டிங்ல எத்தனை பேர் பெயில்னு மட்டும்தான் கேப்பாங்க. வோல்ட்மீட்டருக்கு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாச்சு." எமிஸ் என்றால் பள்ளி விவரங்களை ஏற்றுகிற கல்வித் துறையின் இணையதளம். பீரோவை மூடினார். அந்த மூடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்தவர், ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை. காலை ஏழரைக்குப் போய் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து, ராத்திரி நோட்டுக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருபவர். சம்பளத்தைச் சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும். அவர் கேட்டார்: "ஏங்க, ஒரே நாள்ல ஒரே மாதிரி நாலு மோட்டார் வந்தா, நாலாவதை எப்படிக் கட்டுவீங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மோட்டாரில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் கம்பியை விரலால் நீவி நீவி இறக்குவேன். நாலாவதில் கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு எங்கேயோ இருக்கும். மோட்டார் என்னவோ ஓடும். ஆனால் அன்று வார்னிஷ் சரியாகக் காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க மாட்டேன். கோடையில் வோல்டேஜ் இறங்கும்போது அந்த நாலாவது மோட்டார்தான் முதலில் திரும்பி வரும். ஏ செக்ஷனில் சொன்னதை பி-யில் சொல்லி, சி-யிலும் சொல்கிற ஆளுக்கு சி செக்ஷனில் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? வாத்தியார் வாசலில் கால் வைக்கும்போதே கடைசி பெஞ்சுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இவருக்கே இது பிடிக்கவில்லை என்று.

நான் சொல்ல வந்தது இதுதான். பாடம் எடுப்பவருக்கு அந்த விஷயத்தின் மேல் இன்னும் ஆசை இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள், பாடத்தை அப்புறம்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 7, 8-ம் வகுப்புக் கணக்குப் பாடத்தை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டிருக்கிறார்கள், மனைவி போனில் எடுத்துக் காட்டினார். ஆசிரியர் தன் பாடத்தை ரசித்து நடத்துகிற வகுப்புகளில் பிள்ளைகளும் கணக்கை ரசிக்கிறார்கள், அது ஆசிரியரிடம் வெளியே தெரிகிற உற்சாகத்தின் வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகிறது என்று அதில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியாளர்களே பிற்பாடு 2018-ல் இன்னொன்றும் வெளியிட்டார்கள்: இது ஒருவழிப் பாதை இல்லை, பிள்ளைகளின் சந்தோஷமும் ஆசிரியருக்குத் திரும்பிப் போகிறது. எனக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. கரண்ட் கொடுத்தால் மோட்டார், அதையே கையால் சுற்றினால் ஜெனரேட்டர். சைக்கிள் டைனமோவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. உற்சாகம் வேண்டும் என்று சொன்னால் உடனே மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களைக் கூட்டி வந்துவிடுகிறார்கள். பத்தாவதில் தேர்வுக்கு முன்னால் ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர் வந்தாராம். பின்னணியில் சோக இசை, கண்ணை மூடச் சொன்னார், அப்பா வெயிலில் நிற்பதை நினைத்துப் பார் என்றார், பிள்ளைகள் எல்லாரும் விம்மி விம்மி அழுதிருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நிழலில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காயில் கட்டுகிற ஆள்! இரண்டு நாளில் அழுகையும் போய்விட்டது, மோட்டிவேஷனும் போய்விட்டது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு, மனைவி பி.எட். படிக்கும்போது சொல்லிக் கொடுத்தார்களாம். 1970-ல் அமெரிக்காவில், கல்வித் துறையிலும் மனநல மருத்துவத்திலும் இருந்த படித்தவர்கள் கூட்டத்துக்கு ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்திப் பேச வைத்தார்கள். தலைப்பு, கணிதத்தில் வரும் விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவர் பயிற்சியில் பயன்படுத்துவது பற்றி. அந்த மனிதருக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஜோக் அடித்தார், கை வீசிப் பேசினார், ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினார், கேள்விகளுக்கு வளைத்து வளைத்துப் பதில் சொன்னார். கேட்டவர்கள் பெரும்பாலும் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1973-ல் இதை வெளியிட்டபோது படித்தவர்கள் உலகமே நெளிந்திருக்கும். சரக்கு இல்லாத உற்சாகமும் கைதட்டல் வாங்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் 1975-ல் அதே நடிகரை வைத்துச் செய்த இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். உள்ளே விஷயம் எவ்வளவு, சொல்கிற விதத்தில் உயிர் எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிக் குறைத்துப் பேசவிட்டுப் பார்த்தார்கள். உயிரோடு சொன்னதைக் கேட்ட மாணவர்கள் தேர்விலும் கூடுதலாக வாங்கினார்கள். ஆக, சொல்கிற விதத்தைக் கூத்து என்று ஒதுக்கவும் முடியாது, அதை மட்டும் வைத்துப் பிழைக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால் உற்சாகத்துக்குச் சத்தமே தேவையில்லை. ஐ.டி.ஐ-யில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை, பத்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசமாட்டார். ஓடுகிற மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்கிறவர் முகம் இருக்குமே, அப்படி. நாங்கள் இருபது பேரும் மூச்சுவிடாமல் நிற்போம். "ம்ம். கிரீஸ் இல்ல" என்பார். அடுத்து யார் காதை வைப்பது என்று எங்களுக்குள் தள்ளுமுள்ளு. கணக்கில் இரண்டு தடவை பெயில் ஆகி, படிப்பே வேண்டாம் என்று வந்து சேர்ந்த நான், அந்த ஸ்க்ரூடிரைவரால்தான் தொழிலுக்குள் வந்தேன். இன்றைக்கும் கடையில் மோட்டார் வந்தால் முதலில் காதைத்தான் வைக்கிறேன்.

இதைச் சொன்னதும் மனைவி, பவணந்தி முனிவர் நன்னூலில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வைத்துவிட்டார் என்றார். ஆசிரியர் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில் "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து" என்று வருகிறதாம். அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, விரும்பிச் சொல்ல வேண்டும், முகம் மலர்ந்து சொல்ல வேண்டும். நான் அந்த வரிசையைத்தான் பார்க்கிறேன். முதலில் நிற்பது விரையான். அவசரம் இல்லாதவனுக்குத்தான் மற்ற மூன்றும் வரும். எட்டரை மணி வகுப்புக்கும் எமிஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு முகம் எங்கிருந்து மலரும்?

ஆசிரியர் தினம் வந்தால் எல்லா மேடையிலும் அப்துல் கலாம் அவர்களின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைச் சொல்கிறார்கள். போர்டில் பறவை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று ஐந்தாம் வகுப்பில் விளக்கினார், கலாம் வானத்துக்குப் போனார் என்று முடித்துவிடுகிறார்கள். கலாம் சொன்னதில் நடுவில் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. புரிந்ததா என்று ஐயர் கேட்டபோது கலாம் புரியவில்லை என்றார், வேறு பிள்ளைகளும் புரியவில்லை என்றார்கள். ஐயர் கோபப்படவில்லை. அன்று சாயங்காலமே மொத்த வகுப்பையும் ராமேசுவரம் கடற்கரைக்குக் கூட்டிப் போய், பறவைகள் இறக்கை அடிப்பதையும் வாலைத் திருப்புவதையும் நேரில் காட்டினார். புரியவில்லை என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு வகுப்பும், சும்மா இருந்த ஒரு சாயங்காலமும் அந்த மனிதரிடம் இருந்தது. இன்றைக்கு ஐந்தாம் வகுப்பை நினைத்தவுடன் கடற்கரைக்குக் கூட்டிப் போக முடியுமா? யாரிடம் அனுமதி, யார் பொறுப்பு, போட்டோ எங்கே ஏற்றுவது என்று முடிவாவதற்குள் பறவை வலசை போய்விடும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். மகள் எட்டாவது படிக்கும்போது அப்படி வந்தவர் ஒரு பாட்டிலில் பலூனை வைத்து என்னவோ செய்துவிட்டுப் போனதை ஒரு வாரம் பேசினாள். நல்ல காரியம். ஆனால் வெளியில் இருந்து வருகிறவர் வந்துவிட்டுப் போய்விடுவார், தினமும் அந்த அறையில் நிற்கப் போகிறவர் அந்த சார்தான். அவருக்கு உற்சாகப் பயிற்சி முகாம் வேண்டாம், அது அவரிடம் இருந்தது, பீரோவில் தூசியோடு நானே பார்த்தேன். எமிஸ் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். வாரத்தில் இரண்டு பீரியட் எதையும் நோண்டிப் பார்க்க விடுங்கள். ரிவியூ மீட்டிங்கில் எத்தனை பேர் பெயில் என்று கேட்கிறவர், இந்த மாதம் பிள்ளைகள் கேட்ட கேள்வியில் உங்களுக்குப் பதில் தெரியாதது எது என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். வோல்ட்மீட்டரையும் வாங்கிக் கொடுங்கள், ரொம்ப ஆகாது.

என் பங்குக்கு ஒன்று. கடையில் தினமும் எனாமல் கம்பித் துண்டு மிஞ்சுகிறது. காயலான் கடைக்குத்தான் போடுகிறேன். இனி ஒரு டப்பா தனியாக வைத்திருப்பேன். உடுமலைப் பக்கம் எந்தப் பள்ளி சயின்ஸ் மிஸ், சார் வந்தாலும் சும்மாவே எடுத்துப் போகலாம், அந்த பத்தாம் வகுப்பு சாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடை எது என்று கேட்க வேண்டாம், எந்த வைண்டிங் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். 22 கேஜ் போதும், பத்துச் சுற்று. பேட்டரியும் ஊக்கும் நீங்கள் கொண்டு போக வேண்டும். ரொம்ப நேரம் மாட்டி வைக்காதீர்கள், செல்லும் ஊக்கும் சூடாகிக் கையைச் சுடும். ஒரு முனையை முழுசாகச் சுரண்டுங்கள், இன்னொரு முனையில் பாதியை மட்டும். ஏன் பாதி என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை வட்டம்.